உப்பின் மேல் விழுந்த பழி: மணலிப் பக்கம் ஒரு கழிவுநீர்க் குட்டை கசிந்தது எப்படி?

மணலியைத் தாண்டி மீஞ்சூர் போகிற வழியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு தெரு. அதன் கடைசி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. துவைத்துக் காயப்போட்ட துணியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது. அந்த வீட்டின் கொல்லைச் சுவருக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை. அதன் ஆர்ஓ கழிவுநீரைத் தேக்கும் குட்டை அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குட்டையைப் பார்க்கத்தான் தொழிற்சாலையில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் முதலில் போனது கிணற்றடிக்கு.

"கல்யாணமாகி வந்ததுல இருந்து ஆடிக் கூழுக்கு இந்தத் தண்ணிதான் தம்பி. போன ஆடிக்கு கேன் வாங்கித்தான் ஊத்தினேன்" என்றார் அந்த வீட்டு அக்கா. அவர் இறைத்துக் கொடுத்த பக்கெட்டில், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டேன். 3,900 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலைக்குள் பராமரிப்பு மேற்பார்வையாளர் முடிவோடு காத்திருந்தார். "உப்புத் தண்ணி பிளாஸ்டிக்கை அரிச்சிடுச்சு சார். ஒரு எம்எம் ஷீட் தாங்கல. ரெண்டு எம்எம் போட்டுட்டா சரியாயிடும். நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்தா பர்ச்சேஸ்ல ஒப்புதல் வாங்கிடுவேன்."

அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. இதே பேச்சை நான் பல குட்டைகளின் கரையில் நின்று கேட்டிருக்கிறேன். அதை நம்பினால் பணம் முழுக்க ஷீட்டுக்குப் போகும், ஓட்டை விழுந்த காரணம் அப்படியே இருக்கும். அதனால்தான் இந்த ஒரு குட்டையை விவரமாக எழுதுகிறேன்.

குட்டை ஏறக்குறைய 50 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழம். மண்ணைச் சரித்து வெட்டி, அதன் மேல் பென்டோனைட் களிமண் விரிப்பு, அதற்கு மேல் 1 மில்லிமீட்டர் எச்டிபிஇ ஷீட், அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். போட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஆர்ஓவில் வடித்த பின் மிஞ்சும் ரிஜெக்ட் தண்ணீர் இங்கே வந்து நிற்கும், வெயிலில் வற்றும், உப்பாகப் படியும். தமிழ்நாட்டில் தொழிற்சாலைக் கழிவுநீரை வெளியே விட வேண்டுமானால் டிடிஎஸ் 2,100க்குள் இருக்க வேண்டும். ரிஜெக்ட் தண்ணீர் அந்த வரம்புக்குள் வர வழியே இல்லை என்பதால்தான் இந்தக் குட்டைகள்.

கடலா, குட்டையா?

முதலில் இதைத் தீர்க்க வேண்டியிருந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறியது புதுச் செய்தி இல்லை. அளவுக்கு மீறி உறிஞ்சியதால் 1960களிலிருந்தே உப்பு உள்நோக்கி நகர்ந்திருக்கிறது. ஆகவே "அது கடல் தண்ணிங்க, நாங்க பொறுப்பில்ல" என்று நிர்வாகம் சொன்னதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

கடல்நீரில் லிட்டருக்குக் குளோரைடு சுமார் 19 கிராம், சல்பேட் சுமார் 2.7 கிராம், அதாவது ஏழுக்கு ஒன்று. இந்தத் தொழிற்சாலையில் ஆர்ஓவுக்கு முன்னால் பிஎச் குறைக்கச் சல்பூரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அதனால் குட்டை நீரில் சல்பேட் ஏகத்துக்கும் அதிகம், ஏழுக்கு ஒன்று என்ற கணக்கு அங்கே ஒத்தே வராது. கிணற்று நீரையும் குட்டை நீரையும் ஒரே நாளில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். கிணற்றின் கணக்கு குட்டையோடுதான் ஒத்துப்போனது. இன்னொன்று, தொழிற்சாலைக்குக் கிழக்கே, கடல் பக்கத்தில் இருந்த ஒரு கிணறு நன்றாகவே இருந்தது. கடல் ஏறியிருந்தால் அதுதான் முதலில் கெட்டிருக்கும்.

சரி, குட்டைதான் கசிகிறது. எங்கே, ஏன்?

ஷீட்டை வெட்டிப் பார்த்தபோது

பாலிஎத்திலீன் எண்ணெய்ச் சுபாவம் உள்ள பொருள். உப்பு தண்ணீரில் கரைந்ததும் மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரிந்துவிடும். அந்தத் துகள்கள் பாலிஎத்திலீனுக்குள் நுழைவதில்லை. ஊறுகாயை வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறோமே, அதே கதைதான். எச்டிபிஇ ஷீட்டைக் கொல்வது ஆக்சிஜன். வெப்பமும் புற ஊதாக் கதிரும் அதற்குக் கூட்டாளிகள். இதைத் தடுக்கத்தான் ஷீட்டில் 2 முதல் 3 சதவீதம் கார்பன் பிளாக்கும், கொஞ்சம் ஆன்டி ஆக்சிடன்டும் கலக்கிறார்கள். அந்த ஆன்டி ஆக்சிடன்ட் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. அது இருக்கும்வரை ஷீட்டின் பலம் குறையாது. அது தீர்ந்த பிறகு கொஞ்ச காலம் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஷீட் சடசடவென்று நொறுங்கும். கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஓஐடி என்றொரு சோதனை உண்டு. துணுக்கு ஷீட்டை 200 டிகிரி சூட்டில் ஆக்சிஜனில் வைத்து, எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். புது ஷீட்டுக்குக் குறைந்தது 100 நிமிஷம் என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் அளவு. கிண்டியில் 1968 முதல் சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இயங்கும் ஊர் இது. பிளாஸ்டிக்கைச் சோதிக்க வெளியூர் போக வேண்டியதில்லை.

நான்கு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தோம். ஒன்று எப்போதும் உப்புநீரில் மூழ்கிக் கிடந்த தரையில், இன்னொன்று கழிவுநீர் வந்து விழும் மூலையில். மூன்றாவது நீர்மட்டம் ஏறி இறங்கும் கோட்டில், நான்காவது வடக்குக் கரைச் சரிவின் மேல் விளிம்பில்.

தரைத் துண்டைக் கழுவித் துடைத்து இரண்டாக மடித்தேன். வளைந்தது, விட்டதும் மெல்ல நிமிர்ந்தது. மேலே கருமை பளபளத்தது. ஆறு வருஷம் உப்பில் ஊறிய ஷீட் அது. வடக்குக் கரைத் துண்டு கையில் எடுக்கும்போதே சாம்பல் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் கரி ஒட்டியது. மடித்ததும் மடிப்பின் வெளிப்பக்கம் மயிரிழை மயிரிழையாகக் கீறல் ஓடியது, இன்னும் அழுத்தியதும் அப்பளம் மாதிரி உடைந்தது. மேற்பார்வையாளர் இரண்டு துண்டையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். "உப்புல கெடந்ததுதான் சார் நல்லா இருக்கு" என்றார். அதற்கப்புறம் அவரிடம் நான் விளக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

சோதனை முடிவும் அதையே சொன்னது. தரைத் துண்டில் ஆன்டி ஆக்சிடன்ட் பாதிக்கு மேல் மிச்சம். வடக்குச் சரிவில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

ஏன் வடக்குக் கரை? சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தவிர, மற்ற மாதமெல்லாம் நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கேதான் நிற்கும். வடக்குக் கரையின் சரிவு தெற்கைப் பார்க்கிறது. வருஷத்தில் அதிக வெயில் அதன் முகத்தில்தான். கறுப்பு ஷீட் சித்திரை வெயிலில் 70 டிகிரியைத் தொடும், செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. எச்டிபிஇ சூட்டில் நன்றாக நீளும் பொருள். விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 50 மீட்டர் ஷீட் ஏறக்குறைய ஓரடி நீண்டு சுருங்கும். இந்தக் குட்டையில் ஷீட்டை மதியச் சூட்டில் தளர்வு விடாமல் இழுத்து ஓரக் குழியில் புதைத்திருந்தார்கள். இரவில் சுருங்க இடம் இல்லாமல் அது ஒவ்வொரு நாளும் தன்னையே இழுத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் எக்ஸ்ட்ரூஷன் வெல்டிங் போட்ட இடங்களில், சூடு அதிகம் பட்ட ஓரத்தில், நேர்கோடாக விரிசல் விட்டிருந்தது. குட்டை நிறையும்போது நீர் அந்த விரிசல் வரை ஏறும்.

கழிவுநீர் விழும் மூலைத் துண்டு இடைப்பட்ட நிலையில் இருந்தது. மடித்தால் உடையவில்லை, ஆனால் ஆன்டி ஆக்சிடன்ட் தரையைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. விசாரித்தபோது தெரிந்தது, யூஎஃப் என்கிற நுண்வடிகட்டியைக் கழுவிய, குளோரின் உள்ள ஹைபோகுளோரைட் தண்ணீரும், ஆர்ஓ மெம்பிரேன் கழுவிய சோப்புக் காரமும் அதே குழாயில்தான் வந்து விழுகின்றன. குளோரின் ஆன்டி ஆக்சிடன்டைத் தின்றுவிடும். சோப்பு வகைகள் பாலிஎத்திலீனில் ஏற்கெனவே இழுவிசை இருக்கும் இடத்தில் விரிசலைச் சீக்கிரம் ஓடவிடும். கழிவுநீரை "உப்புத் தண்ணீர்" என்று மட்டும் பெயர் வைத்துக் கூப்பிடுவதால் இந்த ஆட்கள் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார்கள்.

தரை ஏன் சுட்டது?

உப்பு முழுக்க நிரபராதி என்று நான் சொல்லவில்லை. மறைமுகமாக அது செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. எனக்கே இந்தக் குட்டையில்தான் அது கண்கூடாகத் தெரிந்தது.

தை மாதம் ஒரு நாள், பாட்டிலில் கயிறு கட்டி அடித்தண்ணீர் எடுத்தோம். பாட்டிலை வாங்கிய பையன் "ஐயோ, சுடுது சார்" என்று கீழே வைத்தான். மேல்தண்ணீர் சாதாரணமாகத்தான் இருந்தது. காரணம், ஐப்பசி கார்த்திகை மழை அடர்ந்த உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நின்றுவிட்டது. சாதாரணக் குளத்தில் அடியில் சூடாகும் நீர் இலேசாகி மேலே வந்து ஆறிவிடும். இங்கே அடிநீர் உப்பால் கனமானது, எவ்வளவு சூடானாலும் மேலே வர முடியாது. ரிஜெக்ட் தண்ணீர் தெளிவாக இருப்பதால் வெயில் அடிவரை போகும். போன சூடு வெளியே வராது. இதையே வேண்டுமென்று செய்தால் அதற்குச் சூரியக் குளம் என்று பெயர். குஜராத்தில் புஜ் நகரில் 6,000 சதுர மீட்டரில் அப்படி ஒன்றைக் கட்டி, 1990களில் ஒரு பால் ஆலைக்கு வெந்நீர் கொடுத்தார்கள். நம் குட்டை யாரும் கேட்காமலே அரைகுறைச் சூரியக் குளமாகிவிட்டது.

இது ஷீட்டுக்கு நல்லதல்ல. வெயில் படாமல் மூடிக்கிடக்கும் எச்டிபிஇ ஷீட் 20 டிகிரியில் 400 வருஷத்துக்கு மேல் உழைக்கும் என்றும், அதே ஷீட் 40 டிகிரியில் 70 வருஷத்துக்குள் பாதிப் பலத்துக்கு இறங்கிவிடும் என்றும் ஆய்வகக் கணிப்பு இருக்கிறது. வருஷக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சூடு ஏறினால் ஆயுள் மளமளவென்று சரிகிறது. தரை ஷீட் இன்று நன்றாக இருப்பதால் என்றைக்கும் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். மழை முடிந்ததும் ஒரு பம்பை வைத்து மேல்நீரையும் அடிநீரையும் கலக்கிவிட்டால் போதும், இந்தச் சூடு தங்காது.

உப்பு உண்மையில் எதை அரித்தது?

ஷீட்டைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும்.

கழிவுநீர் கொண்டுவரும் குழாய் ஷீட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில், ஷீட்டைக் குழாயோடு இறுக்கி ஸ்டெயின்லெஸ் பட்டை போட்டிருந்தார்கள். 304 ரகம். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தானே தவிர, குளோரைடு நிறைந்த நீரில் 304 புள்ளி புள்ளியாகக் குழிவிழும். பட்டையைத் திருப்பிப் பார்த்தபோது உட்புறம் ஊசியால் குத்தியது மாதிரி இருந்தது. ஓரிடத்தில் அறுந்தே போயிருந்தது. பட்டை தளர்ந்த இடைவெளியில் சுண்டு விரல் நுழைந்தது. இந்தக் குட்டையின் மிகப் பெரிய கசிவு இதுதான். ஷீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2 மில்லிமீட்டர் என்ன, 5 மில்லிமீட்டர் போட்டிருந்தாலும் தண்ணீர் இங்கே போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

இரண்டாவது, அடியில் இருந்த பென்டோனைட். சோடியம் பென்டோனைட் நல்ல தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த உப்புநீர் பட்டால் அந்தக் குணம் போய்விடும். வெட்டிய இடத்தில் கை விட்டு எடுத்தபோது வழவழப்பே இல்லை, ஈர மணல் மாதிரி உதிர்ந்தது. ஷீட் ஓட்டையானால் காப்பாற்றும் என்று வைத்த இரண்டாவது காவல்காரன், ஷீட் ஓட்டையான அன்றே கைவிட்டுவிட்டான்.

வெள்ளைப் படிக்கட்டும் மண்வெட்டியும்

நீர்மட்டம் இறங்க இறங்கச் சரிவில் உப்பு படிக்கட்டு மாதிரி படியும். காய்ந்த உப்புப் பாளம் நன்றாகவே கெட்டி. அதை எடுக்க ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்குவார்கள். கையில் மண்வெட்டி. நீர்மட்டக் கோட்டில் வெட்டிய துண்டில் பிறை வடிவத்தில் பதினோரு வெட்டுத் தடங்களை எண்ணினேன். மூன்று, ஷீட்டின் பாதி ஆழத்துக்கு மேல் இறங்கியிருந்தன. வெட்டியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலுக்கு பூட்ஸ்கூட இல்லாமல் உப்பில் நின்று வேலை பார்த்தவர்கள் அவர்கள். பாதம் வெடித்திருந்தது. "ஷீட்டு அடியில எங்கண்ணே ஆரம்பிக்குதுன்னு உப்புல தெரியாது" என்றார் ஒருவர். உண்மைதான், தெரியாது.

தரையில் இருந்த மூன்று ஓட்டைகளைக் கண்டுபிடிக்க உப்பே உதவியது. பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது, உப்புநீர் நன்றாகக் கடத்தும். குட்டை நீரில் ஒரு முனை, வெளியே மண்ணில் ஒரு முனை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், ஓட்டை இருக்கும் இடம் வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்குப் போக முடியும். தண்ணீருக்குள் உணர்கம்பியை நகர்த்திக்கொண்டே போனால் அந்த இடத்தில் அளவு துள்ளும். மூன்று ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அடியில் கான்கிரீட் உடைசல்.

காவலாளி ஐயா விஷயத்தைச் சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது குட்டை வழிந்துவிடுமோ என்று பயந்து உள்ளே இருந்த நீரை டேங்கருக்கு இறைத்தார்கள். வெளியே நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறியிருந்தது. எச்டிபிஇ தண்ணீரைவிட இலேசு, அடியிலிருந்து நீர் தள்ளியதும் ஷீட் திமிங்கில முதுகு மாதிரி எழும்பிவிட்டது. அதை அமுக்கக் கையில் கிடைத்த கான்கிரீட் கட்டிகளைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஷீட் அமுங்கியது. கட்டிகள் அங்கேயே கிடந்துவிட்டன.

சரிசெய்தது

வைகாசியில், நிலத்தடி நீர் நன்றாக இறங்கிய பிறகு, குட்டையைக் காலி செய்தோம். வெல்டிங் அண்ணன் இருபது வருஷம் இதே தொழில் பார்ப்பவர். பழைய ஷீட்டில் அவர் நேரே மெஷினை வைக்கவில்லை. நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி நாக்கில் விரலை வைத்துப் பார்த்தார், இன்னும் கரித்தது. மறுபடி கழுவினார். உப்புப் படலம் இருந்தால் ஒட்டு பிடிக்காது. பிறகு கிரைண்டரால் மேல்தோலைச் சீவி, கருமை வந்ததும்தான் பேட்ச் வைத்தார். வடக்குச் சரிவில் அதே மாதிரி ஒரு சோதனை ஒட்டு போட்டு இடுக்கியால் இழுத்தபோது ஒட்டு பிய்யவில்லை, பக்கத்துப் பழைய ஷீட் உடைந்தது. "இதுக்கு மேல பேட்ச் போடறது பாவம் தம்பி" என்று மெஷினை அணைத்துவிட்டார்.

ஆகவே நான்கு சரிவையும் புது ஷீட்டாக மாற்றினோம், தரையை வைத்துக்கொண்டோம். 1.5 மில்லிமீட்டர், மேல்முகம் வெள்ளை. வெள்ளை முகம் சூட்டை நன்றாகவே குறைக்கும். 2 மில்லிமீட்டரை நான் வேண்டாம் என்றேன். விறைப்பு அதிகம், மூலைகளில் மண்ணோடு படியாமல் அந்தரத்தில் நிற்கும். அதிகாலையில் விரித்து, தளர்வு விட்டு, அதே குளிர்ச்சியில் ஓரக் குழியில் புதைத்தோம். வாங்கும்போது எச்டிபிஇ ஷீட்டுக்கான ஐஎஸ் 16352 சான்று கேட்டோம். சந்தையில் எச்டிபிஇ லைனர் என்று கேட்டால், பின்னிய நாடாவின் மேல் பூச்சுப் பூசிய ஐஎஸ் 15351 ரகத்தையும் காட்டுவார்கள். அது பண்ணைக்குட்டைக்கு ஆனது, கழிவுநீருக்கு அல்ல. ஒருவர் 500 ஜிஎஸ்எம் என்பார், இன்னொருவர் 500 மைக்ரான் என்பார். முதலாவது எடை, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று; மற்றது தடிமன்.

ஸ்டெயின்லெஸ் பட்டையை எடுத்துவிட்டு, எச்டிபிஇ குழாயோடு ஷீட்டையே சேர்த்து வெல்டிங் செய்தோம். கழுவுநீருக்குத் தனித் தொட்டி. கரைக்கு வெளியே ஓர் உறைகிணறு, மழைக்காலத்தில் நிலத்தடி நீரை இறைக்க. உப்பு படியும் கோட்டில் உபரியாக ஒரு பட்டை ஷீட். உப்பு எடுக்க ரப்பர் விளிம்பு வைத்த மரப்பலகை, இறங்குகிறவர்களுக்கு பூட்ஸ்.

நான் கேட்டு நடக்காதது ஒன்று உண்டு. இரண்டு அடுக்கு ஷீட், நடுவே வலை, கசிந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் சிறு தொட்டி. செலவைக் காட்டி நிர்வாகம் மறுத்துவிட்டது. பென்டோனைட் செத்துவிட்ட குட்டையில் ஒரே அடுக்கை நம்புவது சரியில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பதிலாகச் சுவரோரம் ஒரு கண்காணிப்புக் குழாய்க் கிணறு போட ஒத்துக்கொண்டார்கள். மாதாமாதம் மேற்பார்வையாளர் மீட்டர் வைத்துப் பார்த்துப் படம் அனுப்புகிறார்.

அக்கா வீட்டுக் கிணறு ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு 2,700க்கு இறங்கியிருக்கிறது. மண்ணில் இறங்கிய உப்பு ஒரே மழையில் போகாது. தொழிற்சாலை தினமும் இரண்டு டிரம் தண்ணீர் அனுப்புகிறது. துணி துவைக்க ஆகிறது என்கிறார், கூழுக்கு இந்த ஆடியிலும் கேன்தான்.